வாசலில் பட்டியல் இருக்கிறதா?
இணையப் பாதைகளை வடிகட்டுவது பற்றி ஒரு பாடம்



போன பள்ளி விடுமுறையில் நம் இளைஞர் முகாமில் தொழில் வழிகாட்டி அங்கத்தில் பேசப் போயிருந்தேன். "நெட்வொர்க் இன்ஜினியர்" என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி கையைத் தூக்கி, "அண்ணே, வீட்டுல வைஃபை போனா வந்து சரி பண்ணுவாங்களே, அந்த வேலையா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் என் வேலை அதற்குக் கொஞ்சம் மேலே, உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் தகவல் எந்த நிறுவனம் வழியாக எந்த நாட்டுக்குப் போகும் என்று ரவுட்டர்களுக்குச் சொல்லி வைப்பது. அன்றைக்கு நேரம் போதவில்லை. "அடுத்த இதழில் எழுதுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் இந்தப் பாடம்.

இதில் பாதியை நான் புத்தகத்தில் படித்தேன். மீதியை ஒரு பின்னிரவில் தப்பு செய்து படித்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1. இணையத்தில் வழி சொல்வது யார்?

இணையம் என்பது ஒரே பெரிய வலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பல்லாயிரக்கணக்கான தனித்தனி வலைகள் கைகோத்து நிற்கும் கூட்டம். ஒரு தொலைபேசி நிறுவனம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு வங்கி, ஒரு தேடல் நிறுவனம் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வலை வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு வலைக்கும் ஓர் எண் உண்டு. அதை ஏஎஸ் எண் என்போம். நம் கார்களுக்கு எண் பட்டை இருக்கிற மாதிரிதான்.

ஒவ்வொரு வலையின் கையிலும் சில ஐபி முகவரிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கட்டுக்கட்டாகச் சொல்வார்கள். 203.0.113.0/24 என்றால் 256 முகவரிகள் கொண்ட ஒரு கட்டு. இதற்குப் பெயர் பிரிஃபிக்ஸ். கோட்டுக்குப் பின்னால் வரும் எண் கூடக்கூட கட்டு சிறியதாகும். /22 என்றால் 1,024 முகவரிகள், /25 என்றால் 128. (இங்கே நான் தரும் 203.0.113 போன்ற முகவரிகள் பாடம் நடத்துவதற்காகவே ஒதுக்கப்பட்டவை. பயப்படாமல் எழுதிப் பழகலாம்.)

ஒரு வலை, தன் அண்டை வலைகளிடம் "இந்த முகவரிக்கட்டு என்னிடம் இருக்கிறது, இங்கே அனுப்பு" என்று அறிவிக்கும். அண்டை வலை அதைத் தன் அண்டைக்குச் சொல்லும். இப்படியே வாய்மொழியாக உலகம் முழுக்கச் செய்தி போய்விடும். இந்தப் பேச்சு நடக்கும் மொழிக்கு பிஜிபி என்று பெயர். இன்று உலகில் இப்படி அறிவிக்கப்படும் ஐபி நான்காம் பதிப்புப் பாதைகள் மட்டும் ஏறக்குறைய ஒரு மில்லியன்.

இங்கே இரண்டு விஷயங்களை நன்றாக மனத்தில் வையுங்கள்.

ஒன்று, அறிவிப்பு போகும் திசைக்கு எதிர்த்திசையில்தான் தகவல் வரும். நான் உங்களிடம் ஒரு பாதையை அறிவித்தால், அந்த முகவரிக்குப் போக வேண்டிய தகவலை நீங்கள் என் வாசலில் கொண்டு வந்து கொட்டுவீர்கள். அதனால் ஒரு பாதையை அறிவிப்பது என்பது "அந்தச் சரக்கை நான் சுமக்கிறேன்" என்று வாக்குக் கொடுப்பது. சுமக்க முடியாததை அறிவிக்கக் கூடாது.

இரண்டு, பிஜிபி தானாக எதையும் சரிபார்க்காது. அண்டை வலை சொன்னதை நம்பிவிடும். 1980களின் இறுதியில் இதை உருவாக்கியபோது ஒருவரை ஒருவர் அறிந்த சில வலைகளே இருந்தன. சொன்னதை நம்புவது அப்போது இயல்பு. இன்றைக்கு அந்த நம்பிக்கைக்குக் காவல் வேண்டும். அந்தக் காவலைத்தான் நாம் கொள்கை என்றும் வடிகட்டி என்றும் சொல்கிறோம்.

2. முதலில் தாளில் எழுதுங்கள்

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் நேரே ரவுட்டருக்குள் போய்க் கட்டளை தட்டுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கட்டளை அப்புறம். முதலில் ஒரு தாளை எடுத்து, நம் வலையோடு பேசும் ஒவ்வோர் அண்டை வலையும் நமக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும். பொதுவாக மூன்று உறவுகள்தான்.

வாடிக்கையாளர்: நமக்குப் பணம் கொடுத்து நம் வழியாக இணையத்துக்குப் போகிறவர்.

மேல் இணைப்பு: நாம் பணம் கொடுத்து யார் வழியாக உலகத்துக்குப் போகிறோமோ அவர்.

பியர்: பணம் கைமாறாமல், "உன் வாடிக்கையாளருக்கு நான் நேரே அனுப்புகிறேன், என் வாடிக்கையாளருக்கு நீ நேரே அனுப்பு" என்று ஒப்பந்தம் செய்துகொண்டவர். நம் நாட்டில் மைஐஎக்ஸ், சிங்கப்பூரில் எஸ்ஜிஐஎக்ஸ் போன்ற இணையச் சந்திப்பு மையங்களில் இப்படிப்பட்ட பியர்கள் சந்திக்கிறார்கள்.

உறவு தெரிந்துவிட்டால், யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இரண்டே வரியில் பதில் வந்துவிடும்.

வாடிக்கையாளரிடமிருந்து கேட்ட பாதையை எல்லாரிடமும் சொல்லலாம்.

மேல் இணைப்பிடமிருந்தோ பியரிடமிருந்தோ கேட்ட பாதையை வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லலாம்.

இந்த இரண்டாம் வரியை மீறி, ஒரு மேல் இணைப்பில் கேட்டதை இன்னொரு மேல் இணைப்பில் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளுக்கு நடுவில் நம் தாமானின் குறுக்குச் சந்தைத் திறந்துவிட்டு, "எல்லா லோரியும் இப்படி வாங்க" என்று பலகை வைத்த மாதிரி ஆகும். இதற்குப் பாதைக் கசிவு என்று பெயர். 2016இல் வந்த ஆர்எஃப்சி 7908 என்ற ஆவணம் இதை வகை பிரித்து விளக்குகிறது.

அதே தாளில் இன்னொன்றும் எழுதுங்கள். ஒரே முகவரிக்கு இரண்டு வழி கிடைத்தால் எதை எடுப்பது? இதற்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற எண்ணைப் பயன்படுத்துவோம். கூடிய எண் வெல்லும். வாடிக்கையாளர் வழிக்கு 200, பியர் வழிக்கு 150, மேல் இணைப்பு வழிக்கு 100 என்று வைப்பது வழக்கமான ஏற்பாடு. நமக்குப் பணம் தருகிறவர் வழி முதலில், பணம் செலவாகாத வழி அடுத்து, பணம் செலவாகும் வழி கடைசியில். கணக்கு அவ்வளவுதான்.

3. வடிகட்டும் கருவிகள்

தாளில் எழுதியதை ரவுட்டருக்குச் சொல்லித் தர நான்கு கருவிகள் இருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டளையின் வடிவம் மாறும், அடிப்படை மாறாது. சிஸ்கோ பாணியில் வழங்கும் பெயர்களையே சொல்கிறேன்.

முதலாவது, பிரிஃபிக்ஸ் லிஸ்ட். எந்த முகவரிக்கட்டு போகலாம், எது போகக் கூடாது என்ற பட்டியல். மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் வரி எதுவோ அதுவே தீர்ப்பு, அதற்குக் கீழே பார்க்காது. எந்த வரியிலும் பொருந்தவில்லை என்றால் மறுப்பு. கடைசியில் எழுதப்படாத ஒரு மறுப்பு வரி எப்போதும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 203.0.113.0/24 என்று மட்டும் எழுதினால் சரியாக அந்தக் கட்டு மட்டும்தான் பொருந்தும். அதற்குள் அடங்கிய சிறிய /25 கட்டு பொருந்தாது. சிறியவற்றையும் சேர்க்க வேண்டுமானால் "எல்இ" என்று போட்டு மேல்வரம்பு எண்ணைச் சொல்ல வேண்டும். 0.0.0.0/0 என்றால் இயல்புப் பாதை என்ற ஒன்றே ஒன்று. 0.0.0.0/0 எல்இ 32 என்றால் உலகத்தில் உள்ள எல்லாமே. ஒரு சின்ன வால் இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வித்தியாசம் செய்யும்.

இரண்டாவது, ஏஎஸ் பாதை வடிகட்டி. ஒரு பாதை எந்தெந்த வலைகள் வழியாக வந்தது என்ற எண் வரிசை அதனுடன் கூடவே வரும். அந்த வரிசையைப் பார்த்து ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யலாம். சிறிய வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பும் பாதையில் உலகப் பெரிய நிறுவனம் ஒன்றின் எண் நடுவில் இருந்தால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, கம்யூனிட்டி. பாதை உள்ளே வரும்போதே அதன் மேல் ஒட்டும் சீட்டு இது. 64500:100 என்ற சீட்டு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, 64500:300 மேல் இணைப்பிலிருந்து வந்தது என்று நாமே வைத்துக்கொள்ளலாம். வெளியே அனுப்பும்போது "100 சீட்டு உள்ளது மட்டும் போகலாம்" என்று சொன்னால் போதும். சீட்டு இல்லாதது தானாக நின்றுவிடும். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அழைப்பிதழைப் பார்த்து உள்ளே விடுகிறோமே, அந்த மாதிரி.

நான்காவது, ரூட் மேப். மேலே சொன்ன மூன்றையும் கோத்து, "இந்த நிபந்தனை பொருந்தினால் இதைச் செய்" என்று படிப்படியாக எழுதும் கட்டளைத் தொகுப்பு. பொருந்தினால் ஏற்கலாம், மறுக்கலாம், லோக்கல் பிரிஃபரன்ஸை மாற்றலாம், சீட்டு ஒட்டலாம். எழுதி முடித்து, எந்த அண்டை வலைக்கு, உள்ளே வருவதற்கா வெளியே போவதற்கா என்று சொல்லி மாட்ட வேண்டும். மாட்டாத ரூட் மேப் அலமாரியில் இருக்கும் பூட்டு. கதவுக்குப் பயன்படாது.

4. நான் செய்த தப்பு

இப்போது என் கதை. பெயர்கள் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். எங்களுடையது சிறிய நிறுவனம். உலகத்துக்குப் போக இரண்டு மேல் இணைப்புகள் வைத்திருந்தோம். ஒன்று பெரியது. மற்றொன்று அவசரத்துக்காக வைத்திருந்த சிறியது. புது வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்ததால், பெரிய இணைப்பில் நாங்கள் அறிவிக்கும் பட்டியலை மாற்ற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மாற்றங்களைப் பின்னிரவில்தான் செய்வோம். இரவு இரண்டு மணி. தரவு மையத்தில் நான் தனியாள். மூத்த அண்ணன் வீட்டில், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

பழைய பட்டியலைத் தொடாமல் புதிய பெயரில் ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்ட் எழுதினேன். அதைக் குறிப்பிட்டுப் புதிய ரூட் மேப் எழுதினேன். "இந்தப் பட்டியலில் பொருந்துவதை அனுப்பு" என்ற ஒரே படி. பெரிய இணைப்பில், வெளியே போகும் பக்கம் மாட்டினேன். ரவுட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. "முடிஞ்சுது, போய் நாசி லெமாக் சாப்பிடலாம்" என்று எழுந்தேன்.

கதவுவரை போகவில்லை. கண்காணிப்புத் திரை சிவப்பானது. பெரிய இணைப்பு அறுந்துவிட்டது.

என்ன நடந்தது தெரியுமா? பட்டியலின் பெயரில் ஓர் இடத்தில் நடுக்கோடு போட்டிருந்தேன். ரூட் மேப்பில் அதே பெயரை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். ஒரே ஓர் எழுத்து. அதனால் ரூட் மேப் சுட்டிக்காட்டிய பெயரில் பட்டியலே இல்லை. எங்கள் ரவுட்டரில், இல்லாத பட்டியலைச் சுட்டினால் அந்த நிபந்தனையே இல்லாத மாதிரி எடுத்துக்கொள்ளும். நிபந்தனை இல்லை என்றால் எல்லாமே பொருந்தும். சிறிய இணைப்பில் கேட்டிருந்த இலட்சக்கணக்கான பாதைகளையும் பெரிய நிறுவனத்திடம் "என் வழியாகப் போகலாம்" என்று நான் அறிவித்துவிட்டேன்.

இதை யோசிக்கும்போதெல்லாம் கோயில் திருவிழாவில் தொண்டூழியம் செய்தது ஞாபகம் வரும். வாகன நிறுத்துமிடத்து வாசலில் என்னை நிறுத்தி, "பட்டியல்ல உள்ள காரை மட்டும் உள்ள விடு" என்றார்கள். பட்டியலைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். நான் எல்லாக் காரையும் தடுத்தேன். அடுத்த வாசலில் நின்ற நண்பன் எல்லாக் காரையும் விட்டான். இரண்டு பேருக்கும் ஒரே கட்டளைதான். ரவுட்டர்களும் அப்படித்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் நடத்தை மாறும். பட்டியல் இல்லாத வாசலில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கவே கூடாது.

அன்றைக்கு எங்களையும் உலகத்தையும் காப்பாற்றியது எதிர்ப்பக்கம் இருந்த ஒரு வரி. அந்தப் பெரிய நிறுவனம் எங்கள் மேல் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது. 50 பாதைகளுக்கு மேல் வந்தால் பேச்சைத் துண்டித்துவிடும். 51ஆவது வந்ததும் துண்டித்துவிட்டது. கசிவு வெளியே பரவவில்லை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரின் போக்குவரத்தும் சிறிய இணைப்பில் போய் முட்டியது. அவர்களில் ஒருவர் கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் நிறுவனம். அவர்களின் இரவு நேர ஆவணங்கள் நகரவில்லை, லோரிகள் வரிசையில் நின்றன. அந்த லோரி ஓட்டுநர்களில் நம்மவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு பிஜிபி என்றால் என்னவென்றே தெரியாது. ஏன் காத்திருக்கிறோம் என்றும் தெரியாது.

அண்ணனுக்கு அழைத்தேன். அந்தச் சில விநாடிகளில் மனம் என்னென்னவோ சொன்னது. "இணைப்பு தானா அறுந்துடுச்சுன்னு சொல்லிடு. யாரு பார்த்தா?" உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. அவர் எடுத்து, "என்னா தம்பி?" என்றார்.

"அண்ணே, நான் ஒன்னு மாத்தினேன். அதுக்கப்புறம்தான் அறுந்துச்சு. தப்பு என்னோடதுன்னு நினைக்கிறேன்."

"சரி. மாத்துனத அப்படியே படி, கேப்போம்."

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். நாலாவது வரியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பழைய ரூட் மேப்பை மாட்டினேன். பெரிய நிறுவனத்தின் இரவுப் பணியாளரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நாங்கள் என்ன அறிவிக்கப் போகிறோம் என்பதை எழுதி அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் திறந்தார். மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். நான் பொய் சொல்லியிருந்தால் அண்ணன் கேபிளையும் கருவியையும் தேடச் சொல்லியிருப்பார். விடிந்திருக்கும், லோரிகள் அங்கேயே நின்றிருக்கும்.

மறுநாள் அவர் என்னைத் திட்டவில்லை. மாமாக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே பட்டியல் இருக்கான்னு பார்த்துட்டு வாசலைத் தொற."

5. உலகம் பார்த்த இரண்டு நாள்கள்

எனக்கு நடந்தது சின்னது. எதிர்ப்பக்கம் அந்த உச்சவரம்பு இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது.

2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் மாலை 4.43 அளவில், ஏஎஸ் 4788 என்ற எண் கொண்ட நம் டெலிகாம் மலேசியாவின் வலை, ஏறக்குறைய 179,000 பாதைகளை லெவல் 3 நிறுவனத்தின் ஏஎஸ் 3549 வலைக்கு அறிவித்தது. வேறு இடங்களில் கேட்ட பாதைகள் அவை. லெவல் 3 அப்போது உலகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது. அது அவற்றை ஏற்றுக்கொண்டு தன் பியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பரப்பியது. வாடிக்கையாளரிடமிருந்து வந்த பாதைக்குத்தானே முன்னுரிமை? அதனால் உலகின் பெரும் போக்குவரத்து நம் நாட்டை நோக்கித் திரும்பியது. அவ்வளவையும் தாங்க இணைப்புகளுக்கு இடமில்லை. சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையம் தவழ்ந்தது.

இதில் யார் மேல் தவறு? அனுப்பும் பக்கத்தில் வடிகட்டி சரியாக இல்லை. வாங்கும் பக்கத்திலும் இல்லை. இரண்டில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் அன்று யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நம் நாட்டுப் பெயர் அடிபட்ட சம்பவம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எந்த நாட்டிலும் எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது. அன்று அந்த விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

இன்னொன்று 2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்து வந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் மட்டும் தடுப்பதற்காக, அதற்குள் அடங்கிய 208.65.153.0/24 என்ற சிறிய கட்டைத் தனதென்று அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டுக்கு வெளியே கசிந்தது. அதன் மேல் இணைப்பாக இருந்த நிறுவனம் வடிகட்டாமல் உலகத்துக்குச் சொல்லிவிட்டது.

ரவுட்டரின் விதி என்ன தெரியுமா? இரண்டு அறிவிப்பு இருந்தால், எது குறுகலாகச் சொல்கிறதோ அதையே கேட்கும். தபால்காரரிடம் ஒருவர் "இந்தத் தாமானுக்கு வரும் கடிதமெல்லாம் என்னிடம்" என்றும், இன்னொருவர் "ஐந்தாவது லோரோங்குக்கு வருவது மட்டும் என்னிடம்" என்றும் சொன்னால், ஐந்தாவது லோரோங் கடிதம் யாருக்குப் போகும்? அதேதான். யூடியூப்புக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானுக்குப் போய் மறைந்தது. யூடியூப் அதே /24ஐயும் பிறகு இன்னும் சிறிய /25களையும் அறிவித்துப் போராட வேண்டியிருந்தது. எல்லாம் சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

6. இரண்டு பக்கமும் காவல்

இந்தச் சம்பவங்களிலிருந்து இந்தத் தொழில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். வேலைக்குப் போனால் இதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வரும் பக்கம்:

வாடிக்கையாளரிடமிருந்து அவருக்குச் சொந்தமான முகவரிக்கட்டுகளை மட்டும் ஏற்கவும். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் கையும் தவறும்.

10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 போன்ற தனியார் முகவரிகளை யார் அனுப்பினாலும் மறுக்கவும். இவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குபவை, உலக வீதிக்கு வரக் கூடாதவை.

நம் சொந்த முகவரிக்கட்டு வெளியிலிருந்து வந்தால் மறுக்கவும்.

/24ஐ விடச் சிறிய கட்டுகளை மறுக்கவும். ஐபி ஆறாம் பதிப்பில் இந்த எல்லை /48.

ஒவ்வோர் அண்டைக்கும் உச்சவரம்பு வைக்கவும். என்னைக் காப்பாற்றியது இதுதான்.

வெளியே போகும் பக்கம்:

நம்முடையதும் நம் வாடிக்கையாளருடையதும் தவிர வேறெதுவும் மேல் இணைப்புக்கோ பியருக்கோ போகக் கூடாது. பிரிஃபிக்ஸ் லிஸ்ட், சீட்டு இரண்டையும் சேர்த்துச் சரிபார்க்கவும். ஒன்று தவறினால் மற்றொன்று பிடிக்கும்.

மாற்றம் செய்யும்போது:

ரூட் மேப் சுட்டும் ஒவ்வொரு பட்டியலும் அதே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாட்டிய பிறகு, அந்த அண்டை வலைக்கு உண்மையில் என்னென்ன அறிவிக்கப்படுகிறது என்று ரவுட்டரிடமே கேட்டுப் பாருங்கள். எதிர்பார்த்தது பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான் வர வேண்டும். புதிய கொள்கை நடைமுறைக்கு வர, பேச்சையே துண்டித்துத் தொடங்காமல், மென்மையான புதுப்பிப்பைக் கொடுங்கள். திரும்பிப் போகும் கட்டளையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பின்னிரவில் மூளை வேலை செய்யாது, தாள் வேலை செய்யும்.

இப்போது ஆர்பிகேஐ என்ற ஏற்பாடும் இருக்கிறது. முகவரிக்கு உரியவர், "என் கட்டை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம்" என்று மின்கையொப்பமிட்டுப் பதிவு செய்வார். நம் வட்டாரத்துக்கு அந்தப் பதிவைக் கவனிப்பது ஏப்னிக். பதிவுக்கு முரணாக வரும் அறிவிப்பை ரவுட்டர் மறுத்துவிடலாம். 2008இல் நடந்தது போன்ற தவறை இது தடுக்கும். ஆனால் 2015இல் நடந்த மாதிரிக் கசிவை இது மட்டும் தடுக்காது. ஏனென்றால் அங்கே முகவரிக்கு உரியவர் எண் சரியாகத்தான் இருந்தது, நடுவில் வந்த வழிதான் தப்பு. அதற்காகவே 2022இல் ஆர்எஃப்சி 9234 வந்தது. அண்டை வலைகள் "நீ வாடிக்கையாளர், நான் மேல் இணைப்பு" என்று உறவை ரவுட்டர்களுக்கே சொல்லிவிடும் முறை அது. முன்பு நான் தாளில் எழுதச் சொன்னேனே, அதையே ரவுட்டரும் தெரிந்து வைத்துக்கொள்கிறது.

7. வீட்டிலேயே பழக

இதைப் படிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். எஃப்ஆர்ஆர் என்ற மென்பொருள் இலவசம். ஒரு சாதாரண மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, மூன்று நான்கு ரவுட்டர்களைக் கற்பனையாக ஓடவிடலாம். ஜிஎன்எஸ்3 என்ற மென்பொருளும் உதவும். நடுவில் உங்கள் வலை, இரண்டு பக்கமும் இரண்டு மேல் இணைப்பு, கீழே ஒரு வாடிக்கையாளர். இந்த நான்கும் போதும்.

முதல் நாள் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். எஃப்ஆர்ஆரில் இரண்டு வலைகள் பேசத் தொடங்கியிருக்கும், ஆனால் ஒரு பாதைகூட வராது. கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 சொல்வது இதைத்தான்: கொள்கை எழுதாத வாசலில் எதையும் ஏற்காதே, எதையும் அனுப்பாதே. முன்பெல்லாம் பல ரவுட்டர்களில் எழுதாவிட்டால் எல்லாம் போகும். இப்போது இங்கே எழுதினால்தான் போகும். நான் கற்ற காலத்தில் இது எல்லா ரவுட்டரிலும் இருந்திருந்தால் எத்தனையோ பின்னிரவுகள் மிச்சமாகியிருக்கும்.

வடிகட்டி எழுதி ஓட்டிய பிறகு, வேண்டுமென்றே தப்பு செய்யுங்கள். பட்டியலில் 0.0.0.0/0 எல்இ 32 ஏற்பு என்று எழுதிப் பாருங்கள். கசிவை உங்கள் கண்ணால் பாருங்கள். உச்சவரம்பு வைத்து அது துண்டிப்பதைப் பாருங்கள். வீட்டு மேசையில் செய்யும் தப்புக்கு எந்த லோரியும் காத்திருக்காது.

கேள்விகள்

அ. பட்டியலில் 203.0.113.0/24 ஏற்பு என்ற ஒரே வரி. வாடிக்கையாளர் 203.0.113.128/25 அனுப்புகிறார். உள்ளே வருமா?

ஆ. முதல் வரி 0.0.0.0/0 எல்இ 32 ஏற்பு. இரண்டாம் வரி 10.0.0.0/8 எல்இ 32 மறுப்பு. 10.1.0.0/16 தடுக்கப்படுமா?

இ. பியரிடமிருந்து ஒரு பாதை கேட்டீர்கள். யாரிடம் சொல்லலாம்?

விடைகள்: (அ) வராது. "எல்இ" இல்லாததால் சரியாக /24 மட்டுமே பொருந்தும். (ஆ) தடுக்கப்படாது. முதல் வரியே ஏற்றுவிடும், வரிசையை மாற்ற வேண்டும். (இ) வாடிக்கையாளரிடம் மட்டும்.

மூன்றும் சரியென்றால் தாளை எடுத்து உங்கள் முதல் வலையின் உறவுகளை எழுதத் தொடங்குங்கள். முகாமில் கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கும் ஒரு சொல்: வைஃபை சரி பண்ணத் தெரிந்தாலும் நல்லதுதான் தம்பி. அங்கிருந்துதான் நானும் தொடங்கினேன். அடுத்த முகாமுக்கு மடிக்கணினியோடு வா. நாலு ரவுட்டரை ஓடவிட்டு, சேர்ந்து ஒரு கசிவை உண்டாக்கி, சேர்ந்தே அடைப்போம்.